லைட் அடிக்காத கேமரா

பத்திரிகையில் வேலை பார்த்தபோது எங்களுக்கு ஒரு விதி உண்டு. நடந்து முடிந்ததை மறுபடி நடித்துக் காட்டச் சொல்லிப் படம் எடுக்கக் கூடாது. வேலையை விட்டுக் காரைக்குடியில் கல்யாணப் படம் எடுக்க வந்த பிறகும் நான் அதை விடவில்லை.

கண்டரமாணிக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துக் கல்யாணம். என்னிடம் மிரர்லெஸ் என்னும் சின்ன வகைக் கேமராக்கள் இரண்டு. ஒன்றை மேடைக்கு எதிரே நிறுத்தி வீடியோவை ஓடவிட்டேன். மற்றதில் நீள லென்ஸை மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறுவதை வரிசையாக எடுத்தேன். நாத்தனார் முடிச்சுப் போடும்போது லென்ஸைக் கதவோரம் திருப்பினேன். அங்கே பெண்ணின் அம்மா நின்றிருந்தார். கணவரை இழந்தவர் என்பதால் அந்த நேரத்தில் முன்னால் வரக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார்கள். கண்ணுக்கு நிழலாகத் தெரிந்த இடம் வ்யூஃபைண்டரில் துலக்கமாகத் தெரிந்தது. எல்லோரும் மேடையைப் பார்த்திருக்க, அவர் அங்கிருந்தே கை நிறைய அட்சதையை வீசினார். அதையும் எடுத்தேன். அரிசி மேடைவரை போகவில்லை.

நான் லென்ஸை மாற்றிக்கொண்டிருந்தபோது, கல்யாணத்தை முன்னின்று நடத்திய பெண்ணின் பெரியப்பா வந்தார்.

“ஏந்தாயி, ஒரு லைட்டும் அடிக்கலை. தாலி கட்டுறப்ப சும்மாவா நின்னீக? மாப்பிள்ளையத் திரும்பத் தாலியப் பிடிக்கச் சொல்றேன், எடுங்க.”

“வேண்டாங்கய்யா, எடுத்தாச்சு. இதுக்கு லைட் தேவையில்லை.”

“சோப்பு டப்பா கணக்கா இருக்கு, இதுல என்னத்த விழுந்திருக்கப்போகுது? காட்டுங்க பாப்போம்.”

காட்டினேன். அவரே விரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். தாலிப் படங்களில் முகம் மலர்ந்தது. பிறகு கதவோரப் படத்தில் விரல் நின்றது.

“இதை அழிச்சிருங்க.”

“அழிக்க மாட்டேன்.”

“கூப்பிட்டது நாங்க, தெரியும்ல?”

“நடக்குறதை எடுக்கத்தானே கூப்பிட்டீக? இதுவும் நடந்துச்சு. படத்துல இருக்கவுக வேணாம்னாத்தான் அழிப்பேன்.”

“அப்ப சாயங்காலம் வரவேற்புக்கு வேற ஆளைப் பாத்துக்கிருவோம்.”

“பாத்துக்கங்க.”

கேமராவைப் பெண்ணின் அம்மாவிடம் கொண்டுபோனேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

“நான் போட்டது அவளுக்குத் தெரியாதுல்ல?”

“தெரியாதும்மா. வேணாம்னா சொல்லுங்க, அழிச்சிர்றேன்.”

அவர் மேடையைப் பார்த்தார். “தெரியட்டும்” என்றார்.

மேடைக்குப் போய்ப் பெண்ணிடம் காட்டினேன். பெரியப்பாவும் பின்னாலேயே வந்தார். மாலையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தவள், கண்ணைத் துடைக்காமலே நிமிர்ந்தாள். “அக்கா, ஆல்பத்துல முத பக்கம் இதுதான். பெரியப்பா, கேட்டுச்சா?”

“லைட் அடிக்கிற கேமராவா இருந்தா, அங்கிட்டு எடுக்குறது தெரிஞ்சு அப்பவே தடுத்திருப்பேன்” என்று சொல்லிவிட்டு அவர் பந்தி நடக்கும் பக்கம் போனார்.

சாயங்காலம் வேறொருவர் பெரிய லைட்டோடு வந்தார். காலையில் எடுத்த படங்களுக்கான ஆல்பத்தை நான்தான் செய்தேன். பெண் சொன்ன படம் முதல் பக்கத்தில், பக்கம் முழுவதும்.