கைக்கனம்

கல்லூரிகளுக்கிடையே நடக்கும் கனிமம் கண்டறியும் போட்டிக்கு எங்கள் நிலவியல் துறையிலிருந்து ஒருவரைத்தான் அனுப்புவார்கள். அது நானாக இருக்க வேண்டும். எந்தக் கனிமம் எதைக் கீறும், எது எப்படிப் பிளக்கும், பொடி என்ன நிறம், எல்லாம் எனக்கு மனப்பாடம். என் பக்கத்து ஸ்டூல்காரியோ புத்தகத்தைப் பையிலிருந்து எடுப்பதே அபூர்வம்.

ஆனால் அவள் கல்லைக் கையில் வாங்கி இரண்டு தடவை தூக்கிப் போட்டுப் பிடிப்பாள். "கனம்டி. பேரைட்." அவ்வளவுதான். அதே விடைக்கு நான் நகத்தால் கீறி, காசால் கீறி, வெளிச்சத்தில் திருப்பி, கால் மணி நேரம் கழித்து வந்து சேர்வேன்.

"எப்படிடி?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"எங்கம்மா தேங்காய்த்திட்டு ஹார்பர்ல மீன் கூடையத் தூக்கிப் பாத்தே எத்தினி கிலோன்னு சொல்லும். எனக்கு இந்தக் கல்லு இன்னா பெரிசு?"

வீராம்பட்டினத்துக்காரி. வயிறு எரிந்தது. ஒரு வாரம் வீட்டில் வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தேன். இரண்டும் காய்கறியாகவே இருந்தன.

போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாளில் இருவரும் ஒரே மேசை. பத்தாவது கல் சுண்டுவிரல் நுனி அளவு, கறுப்பு. ஹேமடைட்டா, மேக்னடைட்டா? அவ்வளவு சின்னதில் கனம் பார்த்து என்ன தெரியும்? அதைத் தேய்த்துப் பார்க்க வேண்டிய பீங்கான் தட்டில் முன்பு தேய்த்தவர்களின் செம்பொடியும் கரும்பொடியும் குழம்பிக் கிடந்தன. நான் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டியது. மேக்னடைட் என்று எழுதிவிட்டு, காந்தத்தை மேசையில் வைக்காமல் லேப் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

"ஏய், காந்தம் எங்கடி?"

"எனக்கென்ன தெரியும்? அங்கதான் கெடக்கும், தேடு."

குனிந்து தேடினாள். என் பக்கமாகக் கையை நீட்டித் தாள்களைத் தூக்கியபோது அவள் விரல்களிலிருந்த கல் டப்பென்று தாவி என் கோட்டுப் பையின்மேல் ஒட்டிக்கொண்டது.

"பத்தாம் நம்பர் கல்லு எங்கம்மா?" என்றார் சார்.

"இவ கோட்டுல குந்தினு இருக்குது சார். மேக்னடைட்டு."

வகுப்பே சிரித்தது. போட்டிக்கு வந்தது அவள் பெயர்.

மாலை பஸ் ஸ்டாப்பில் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவளோ, "கால்சைட்டும் குவார்ட்ஸும் எனக்கு எப்பவும் குழம்புதுடி. ரெண்டும் ஒரே வெள்ளை, ஒரே கனம். சொல்லிக் குடேன்" என்றாள்.

மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது.

"கண்ணாடியக் கீறுச்சுன்னா குவார்ட்ஸ். கீறலைன்னா கால்சைட்."

"அவ்ளோதானா?" என்றாள். எனக்கு அதற்கும் எரிந்தது.