வளைவில் நிற்கும் தண்ணீர்

லண்டனில் எனக்குக் கண்ணுக்கு முன்பு மூக்குத்தான் விழித்தது. படுத்தபடியே மெல்ல ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். இருக்கிறதா? இருக்கிறது. கூழ்முட்டையும் மூன்று நாள் பழைய மீன்குழம்பும் கலியாணம் முடித்துப் பெற்ற பிள்ளை மாதிரி ஒரு மணம். அதை உறுதிப்படுத்திய பிறகுதான் கண்ணைத் திறப்பேன். பல் தீட்டுவதற்கு முன்பே அன்றைய பயத்தைத் தொடங்கிவிடுகிற சுறுசுறுப்பான மனிதன் நான்.

எண்பதுகளின் கடைசியில் நானும் மனைவி ரஞ்சியும் வந்து சேர்ந்த இடத்துக்குப் பெயர் மிச்சம். சிரிக்காதீர்கள், தென்லண்டனில் உண்மையாகவே அப்படி ஓர் இடம் இருக்கிறது. அங்கே எங்கள் ஊர்க்காரர் தேவண்ணை வீட்டின் அறைகளெல்லாம் எங்களுக்கு முன்பு வந்தவர்களால் நிரம்பிவிட்டதால், பின்வளவில் நின்ற மோட்டார் ஹோமை எங்களுக்குத் தந்தார். கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, ஒரு ஆள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கக்கூடிய கக்கூஸ், எல்லாம் அந்த வாகனத்துக்குள்ளேயே உண்டு. வெள்ளைக்காரர் கடற்கரைக்கு உல்லாசம் போவதற்காகச் செய்தது. எங்களுடையது சில்லுகளில் காற்றிறங்கிப் புல்லுக்குள் குந்திவிட்டது. குளிப்பதற்கும் மற்றதற்கும் தேவண்ணை வீட்டுக்குப் போனோம். அந்த மோட்டார் வானிலிருந்த கக்கூஸை, டூட்டிங் பகுதியில் இருந்த அவருடைய கடைக்கு வரும் வெங்காய மூட்டைகளுக்கு விட்டுக்கொடுத்தோம்.

வந்த மாதத்தில் ரஞ்சி அந்தத் தொட்டியில் தாராளமாகக் கழுவினாள். ஒருநாள் தேவண்ணை வந்து வானின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“தம்பி, கழுவிற தண்ணியெல்லாம் கீழை இருக்கிற தாங்கிக்குள்ளைதான் போகும். அதைத் திறக்கிற குழாய் கறள் பிடிச்சு இறுகிப்போச்சு. நிரம்பி வழிஞ்சு மணக்கத் துவங்கினால் பக்கத்து வீட்டு மனுசி கவுன்சிலுக்கு டெலிபோன் அடிப்பா. கவுன்சில் வந்தால் வானை எடு எண்டுவான். பிறகு நீங்கள் எங்கை போறது?”

அவர் கவுன்சில் என்ற நகரசபையோடு நிறுத்திக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. கவுன்சிலுக்குப் பின்னால் பொலிஸ், பொலிசுக்குப் பின்னால் குடிவரவு அதிகாரி, அவருக்குப் பின்னால் கட்டுநாயக்காவுக்கு விமானம். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வந்திருக்கவில்லை. ஒரு சொட்டுக் கழிவுத்தண்ணீரில் ஏறினால் அரை நிமிடத்தில் கொழும்பில் இறங்கக்கூடிய கற்பனை எனக்கு. அன்றே சட்டம் போட்டேன். தொட்டிக்குள் இனி ஒரு துளி தண்ணீரும் போகக்கூடாது. கழுவுவதெல்லாம் வாளிக்குள், வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வேலியடியில் ஊற்றவேண்டும். ஊரில் அடுக்களைத் தண்ணீர் வாழையடிக்குத்தானே போனது? மண் குடித்துவிடும், மணமும் வராது.

ஆனால் என் சட்டம் வந்த பிறகுதான் மணமும் வந்தது. முதலில் சாடையாக, பிறகு உரிமையோடு. நான் இன்னும் இறுக்கினேன். கை கழுவவும் தடை.

“மூஞ்சியைத் துடைக்கலாமோ, இல்லை அதுக்கும் கவுன்சில் வருமோ?” என்று கேட்டாள் ரஞ்சி.

பக்கத்து வீட்டு மனுசி மிஸஸ் ஹாரிஸ், தனியாக இருக்கிற வயதான பெண். வேலிக்கு மேலால் அவருடைய வெள்ளைத் தலை அடிக்கடி தெரியும். ஒருநாள் வாளியோடு நான் அகப்பட்டுக்கொண்டேன். அவர் வானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூக்கைச் சுருக்கினமாதிரியும் இருந்தது.

“எப்போது கிளம்பப்போகிறீர்கள்?” என்று ஆங்கிலத்தில் சிரித்தபடி கேட்டார்.

வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினேன். “ப்ளீஸ் மேடம், கொஞ்ச நாள், வெரி குட் பீப்பிள்” என்றேன். அவர் “லவ்லி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த லவ்லியை நான் ரஞ்சியிடம் பலவிதமாக உச்சரித்துக் காட்டி, அதில் மிரட்டல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று விளக்கினேன். சிரித்தபடி வெளியேற்றுவதுதான் இந்த நாட்டுப் பண்பு என்று அடித்துச் சொன்னேன்.

ஊரில் பயம் காது வழியாக வந்தது. ஒழுங்கை முனையில் வாகனம் திரும்பும்போதே ட்ரக்கா, ஜீப்பா, வான்காரனா என்று சொல்லிவிடுவோம். ஓர் இராணுவச் சுற்றிவளைப்பின்போது பக்கத்து வளவு வெங்காயக் கொட்டிலுக்குள், கட்டித் தொங்கவிட்ட வெங்காயப் பிடிகளுக்கு நடுவே நான் ஒளிந்து நின்றேன். வெளியே சப்பாத்துக் கால்கள் நடந்தன. வெங்காயச் சருகு மூக்குக்குள் போய்த் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. விரலால் மூக்கை நெரித்தபடி, கண்ணால் தண்ணீர் ஓட நின்றேன். அடுத்த வீட்டிலிருந்து இரண்டு பெடியளைக் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. அதன்பிறகுதான் நாங்கள் புறப்பட்டோம். லண்டனில் எல்லா வாகனங்களும் ஒரே மாதிரி முணுமுணுத்துக்கொண்டு போகின்றன. காதுக்கு வேலை இல்லாமல் போனதும், அந்தப் பொறுப்பை மூக்கு எடுத்துக்கொண்டது போலும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மணம் உச்சத்துக்கு வந்தது. சமையல் வாயுதான் ஒழுகுகிறதோ என்ற பயமும் சேர்ந்துவிட்டதால், இரண்டு நாளாக அடுப்பைப் பற்றவைக்க நான் விடவில்லை. ரஞ்சி பாணும் சம்பலும் தின்று வெறுத்துப்போயிருந்தாள். அப்படிப்பட்ட நான்தான் அந்த வானுக்குள் ஒரு தகரப்பேணியில் தேங்காய்ச் சிரட்டையை எரித்து, கங்காக்கி, கைநிறையச் சாம்பிராணியைக் கொட்டினேன். வாயுவுக்குப் பயந்து அடுப்பை அணைத்தவன் சிரட்டைக்கு நெருப்பு வைத்ததை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நான் கவனிக்கவில்லை.

“இஞ்சருங்கோ, மணத்தாலை இல்லை, உங்கட மருந்தாலைதான் நான் சாகப்போறன்!” என்று இருமிக்கொண்டே யன்னல்களைத் திறந்தாள் ரஞ்சி. வெள்ளைப் புகை வேலிக்கு மேலால் போனது.

கொஞ்ச நேரத்தில் ஒழுங்கையில் ஒரு வாகனம் திரும்பியது. பெரியது. என் காது உடனே வேலைக்குத் திரும்பிவிட்டது. ட்ரக். கதவுகள் அடிபட்டன. சப்பாத்துக் கால்கள், பலருடையவை, ஓடி வந்தன. யன்னலால் பார்த்தேன். தொப்பி, சீருடை. நான் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஓடினேன் என்று எழுத ஆசைதான். கக்கூஸுக்குள் புகுந்து வெங்காய மூட்டைகளுக்கு நடுவே கதவைச் சாத்திக்கொண்டு, மூக்கைப் பிடித்தபடி நின்றேன்.

வெளியே ரஞ்சி பேணியைத் தூக்கித் தொட்டிக்குள் போட்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீர்ச் சாடியை அப்படியே கவிழ்ப்பது கேட்டது. உஸ்ஸென்று கங்கு அணைந்தது. கதவு தட்டப்பட்டது. உள்ளே வேறு யாரும் இருக்கிறார்களா என்று ஓர் ஆண்குரல் கேட்டது.

“ஹஸ்பண்ட்” என்றாள் ரஞ்சி. பிறகு கொஞ்சம் யோசித்து, “வித் ஒனியன்ஸ்” என்றாள்.

கதவைத் திறந்தவன் ஒரு சிவந்த முகத்து இளைஞன், தீயணைப்புக்காரன். நான் கைகளை உயர்த்தினேன். அவன் உயர்ந்த கைகளில் ஒன்றைப் பிடித்து மெதுவாக வெளியே கூட்டிவந்து, “ஆர் யூ ஓல்ரைட், சேர்?” என்றான். சீருடை போட்ட ஒருவன் என்னை சேர் என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை. தும்மிவிட்டேன். ஊர்க் கொட்டிலில் அடக்கியதும் சேர்ந்து வந்தது போலத் தும்மிக்கொண்டே இருந்தேன். கண்ணால் ஓடியதை வெங்காயத்தின் மேல் போட்டுவிட்டேன்.

அவர்கள் வாயுக் குழாயைச் சோதித்து, ஒழுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேலியடியில் மிஸஸ் ஹாரிஸ் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் உள்ளே எரிந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்து அவர்தான் அழைத்திருந்தார். “நீங்கள் எங்கேயோ உல்லாசம் போகப்போகிறீர்கள் என்றல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்” என்றார். சில்லுள்ள வீட்டில் இருப்பவர்களிடம் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்பது அவருக்கு வெறும் மரியாதை. கவுன்சில் அவருடைய மனதில் வரவேயில்லை.

அன்று மாலை மணம் இல்லை. சாம்பிராணியின் மகிமை என்று நான் அறிவித்துவிட்டு, சட்டத்தைத் திரும்பவும் அமுல்படுத்தினேன். சில நாளில் மணம் திரும்பி வந்தது. ரஞ்சி ஒரு கோப்பை தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றினாள். மணம் போய்விட்டது. பிறகு என் தலையைப் பிடித்துத் தொட்டிக்குக் கீழே அமத்தி, டோர்ச் அடித்துக் காட்டினாள். குழாய் பாம்பு மாதிரி வளைந்து கிடந்தது.

“இந்த வளைவிலை எப்பவும் கொஞ்சத் தண்ணி நிண்டாத்தான் கீழை இருக்கிற நாத்தம் மேலை வராது. நீங்கள் பயத்திலை அதைக் காயவைச்சுப் போட்டியள். ஒரு கோப்பை ஊத்தினால் தாங்கி ஒண்டும் வழியாது.”

இப்போது அதே தென்லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் எங்களுக்குச் சில்லில்லாத வீடு இருக்கிறது. விண்ணப்பத்துக்கும் நல்ல பதில் வந்துவிட்டது. மேல்மாடியில் ஓர் அறையை ஊரிலிருக்கும் அம்மாவுக்கென்று வைத்திருக்கிறோம். அவர் வரமாட்டேன் என்கிறார். டெலிபோனில், “நீ எப்ப வாறாய்?” என்றுதான் கேட்கிறார். நான் வேலை செய்யும் கடைக்கு வரும் வெள்ளைக்காரர், விடுமுறை நெருங்கினால், எப்போது கிளம்புகிறாய் என்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் சிரித்து வைக்கிறேன்.

அம்மாவின் அறையில் ஒரு கைகழுவும் தொட்டி இருக்கிறது. யாரும் பாவிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கோப்பை தண்ணீரோடு மேலே ஏறிப்போய் அதில் ஊற்றுவேன். உள்ளே ஒருதரம் களக்கென்று கேட்கும். பிறகு அந்தத் தண்ணீர் கீழேயும் போகாமல், மேலேயும் வராமல், வளைவில் நின்றுவிடும். குனிந்து மெல்ல ஒருமுறை மூக்கால் இழுத்துப் பார்த்துவிட்டு, விளக்கை அணைக்கிறேன்.