கயிற்றில் வந்த பேச்சு

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன். மாமா, அதாவது என் அக்கா புருஷன், சிதம்பரத்தில் காலேஜ் சேர்ந்து ஒரே வருஷத்தில் நின்றவர். அந்த ஒரு வருஷப் படிப்பை என் தலையில் கொட்டாமல் அவருக்குப் பொழுது போகாது. வீட்டுக்கு வீடு இலவச டிவி வந்த சமயம், குடிகாடு பக்கத்துக் கெமிக்கல் கம்பெனிகளில் இருவரும் டேங்க் கழுவும் கான்ட்ராக்ட் வேலை பார்த்தோம்.

அன்று டீக்கடையிலேயே ஆரம்பித்துவிட்டார். "ஆதி மனுசன் மொதல்ல கையாலதான்டா பேசுனான். கையில கல்லு, கம்புன்னு புடிச்சப்பறந்தான் வாய் பேச ஆரம்பிச்சிது."

"ஓ, அக்கா எந்நேரமும் கரண்டியும் கையுமா நிக்கிறா. அதான் வாய் ஓய மாட்டேங்குதா மாமா?"

"அவகிட்டயே போய்க் கேளுடா. வயித்துல ஏழு மாசம், எட்டி ஒதைக்க மாட்டாள்னு தைரியமா?"

முகமூடி மாட்டி டேங்குக்குள் இறங்கிவிட்டால் பேச முடியாது. இடுப்பில் கட்டிய கயிறுதான் வாய். ஒரு இழுப்பு என்றால் நல்லா இருக்கேன். இரண்டு என்றால் தூக்கு. மேலே நின்று கயிற்றைப் பிடிப்பவன் நான். மூன்று இழுத்தால் டீ வந்துவிட்டது என்று நானாக ஒன்றைச் சேர்த்திருந்தேன். டீ வந்திருக்காது. பதிலுக்கு அவரும் சும்மாவே இரண்டு இழுப்பார். நான் அலறியடித்துத் தூக்கினால் கீழே வயிறு குலுங்கச் சிரித்தபடி தொங்குவார்.

அன்றும் இரண்டு இழுப்பு வந்தது. "யோவ் மாமா, வேற ஆளப் பாரு" என்று முனகிவிட்டு நின்றேன். மறுபடி இரண்டு. உடனே இன்னும் இரண்டு. விளையாட்டுக்கு இழுத்தால், நான் என்ன செய்கிறேன் என்று கொஞ்சம் காத்திருப்பார். இது காத்திருக்கவில்லை.

ஆள் கூப்பிட வாயைத் திறந்தேன். நாளெல்லாம் ஓயாத வாய், சத்தமே வரவில்லை. முகமூடிக்குக் குழாய் வழியாகக் காற்று அனுப்பும் மெஷின் பக்கம் நின்றவரைப் பார்த்து இரண்டு கையையும் வீசினேன். ஓடி வந்தார். சேர்ந்து இழுத்தோம். பாதியில் கயிறு திடீரென்று கனத்தது. அதுவரை ஏணியை மிதித்து ஏறி வந்த மாமாவின் கால் நின்றுவிட்டது. ஏழு மாசம், ஏழு மாசம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இழுத்தேன்.

வெளியே கிடத்தி முகமூடியைக் கழற்றினோம். காற்றுக்குழாய் ஏணிக்கடியில் சிக்கி மடிந்திருந்தது. உதடு நீலமாக இருந்தது. கண் திறக்கவில்லை.

எவ்வளவு நேரமோ. வலது கை மெல்ல எழுந்து, கட்டைவிரல் வாயைக் காட்டியது. தண்ணி கொடுத்தேன். பிறகு ஒரு விரல் என்னைக் காட்டியது. கை மல்லாந்தது. ஏன்டா இவ்வளவு நேரம்?

எனக்கு இன்னும் குரல் திரும்பவில்லை. இரண்டு காதையும் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம்தான் அவருக்குக் குரல் வந்தது. முதல் வார்த்தையை இங்கே எழுத முடியாது. ஆதி மனுசனும் அதைத்தான் முதலில் பேசியிருப்பான். சூடம் அடித்துச் சொல்வேன்.