அவன் நிறுத்திய இடம்

என் தம்பி கொடைக்கானல் விடுதி ஒன்றில் வேலை பார்த்தபோது, அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரரிடம் கிட்டார் கற்றுக்கொண்டான். பூண்டியில் எங்கள் வீட்டில் எல்லோரும் பூண்டு தரம் பிரிக்கும்போது ஒரே இங்கிலீஷ் பாட்டைத்தான் பாடுவான். பாதியில் நிறுத்தி எங்கள் முகத்தையே பார்ப்பான்.

“ஏலே, மறந்துபோச்சுன்னா அதை வச்சுட்டுச் சோலியைப் பாரு” என்பேன். சிரித்துக்கொள்வான்.

அவன் இறந்த பிறகு அவனுடைய பென் டிரைவை டிவியில் போட்டேன். அமெரிக்காவில் நடந்த கன்ட்ரி மியூசிக் கச்சேரி. அப்படியொன்றை நான் பார்த்ததே இல்லை. தொப்பி போட்ட பாடகர் அதே பாட்டை, அதே இடத்தில் நிறுத்தினார். கூட்டம் மொத்தமும் அடுத்த வரியைப் பாடியது.

இப்போது பூண்டு பிரிக்க உட்கார்ந்தால் அந்தப் பாட்டு காதில் கேட்கிறது. அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. நான் பாடாமல் அது மேலே போவதாயில்லை.