மிஷின் காதில் விழாமல்

மகளுக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. "அக்கா, அம்மா காலைல பூட்டாங்க" என்றான் லோகு அக்காவின் மகன் குமார். சாவுச் செய்தியை அவ்வளவோடு சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான். நான் கையிலிருந்த தெர்மாமீட்டரை உதறினேன். அன்றைக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்கவே இல்லை.

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் தெருவில் இருந்த எங்கள் இன்டர்நெட் சென்டருக்கு வந்துபோனவர்களுக்கு லோகு அக்காவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்லூரி முடித்த கையோடு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ். அங்கே எனக்கு முன்பே வேலையில் இருந்த லோகு அக்கா உள்ளூர்க்காரர். டைப்ரைட்டிங் படித்தவர், கணவரை இழந்தவர். குமார் அவருடைய ஒரே மகன், கிழக்குக் கடற்கரைச் சாலையில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். இதை எழுதத் தாமதமாகிவிட்டது. குழந்தை உள்ள வீட்டில் எதுவும் நேரத்தில் நடப்பதில்லை. அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார்.

கம்ப்யூட்டர்கள் ஒருநாள் மனிதர்களுக்கு எதிராகத் திரும்பும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எப்போது என்பதுதான் கேள்வி. இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பிவிடும் என்று பேப்பர்களில் எழுதிக்கொண்டிருந்தார்கள் அல்லவா, அந்த ஜனவரி முதல் தேதி காலையில் அவர் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போகாமல் வாசற்படியிலேயே நின்றார். "இன்னா, நல்லா கீறியா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ மொதல்ல போ. நீ படிச்சவ, உன்ன ஒண்ணும் பண்ணாது" என்றார்.

சென்டரில் ஒரு சட்டம் இருந்தது. மிஷினைக் குறை சொல்வதென்றால் வெளியே மாடிப்படிக்கு வந்துதான் சொல்ல வேண்டும், அதுவும் ரகசியமாக. ஒருமுறை முதலாளி உள்ளே நின்றபடியே, இருப்பதிலேயே பழைய மிஷினைக் காட்டி, "இந்தப் பழச தூக்கிப் போட்டுட்டு புதுசு எறக்கப் போறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டார். அன்று பகல் முழுக்க அது அசையவில்லை. மெயில் அனுப்ப வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அழாத குறை. "வாய வெச்சிகினு சும்மா இருந்தியா மொதலாளி? அது காது கேக்காதுன்னு எவன் சொன்னான் உனக்கு?" என்று அக்கா சத்தம் போட்டார். பிறகு மூடியைக் கழற்றி, மெமரி கார்டை உருவி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் ஓரத்துப் பித்தளை நிறப் பல்லைத் தேய்த்தார். கடலோரத்தில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் இதுதான் வைத்தியம். ஆனால் அக்கா தேய்த்துக்கொண்டே பேசுவார். "உப்புக் காத்துல மனுசனுக்கே மூட்டு வலிக்குது. உனக்கு வலிக்காதா? கோச்சிக்காத, அந்த ஆளு அப்டித்தான்." மாலையில் அது கண் திறந்தது. முதலாளி அதன்முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சத்தியமாக.

சென்டரை மூடியபோது அந்த மிஷின் என்னிடம் வந்து சேர்ந்தது. கல்யாணமாகி, மகள் பிறந்த பிறகு அக்கா செங்கல்பட்டுக்கு எங்களைப் பார்க்க வந்தார். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு முதலில் கேட்டது, "அது எப்டி கீது? உன்ன எதுனா மொறைக்குதா?" என்றுதான். நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது சிரிப்பே வராது. குழந்தை மூச்சு விடுகிறதா என்று மூக்கின் அடியில் விரல் வைத்து விரல் வைத்தே பொழுது போய்க்கொண்டிருந்தது. அதை அவரிடம் சொன்னேன். எல்லோரும் சொல்வதுபோல, எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை.

"எனக்கு மட்டும் இன்னா? குமாரு வண்டிய எடுத்தா திரும்பி வர்ற வரைக்கும் பயந்தான். அத்த அவன்கிட்ட காட்டினா அவன் எப்டி ஓட்டுவான்? பயத்த எங்கனா ஓரிடத்துல வெக்கணும் இல்ல? எல்லாத்தயும் தூக்கி இது தலைல வெச்சிட்டேன். இரும்பு, தாங்கும்" என்று கம்ப்யூட்டரைக் காட்டினார். அத்தனை வருடமும் நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தது எதைப் பார்த்து என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அந்த நேரம் பார்த்து என் கணவர் ஒரு போட்டோ எடுத்தார், அந்த மிஷினிலேயே ஏற்றியும் வைத்தார்.

குமார் மறுநாள் மீண்டும் அழைத்தான். "அக்கா, காரியத்துக்கு வெக்க அம்மா போட்டோ ஒண்ணுகூட இல்ல. ஓட்டு அட்டைல கீறது யாரோ மாதிரி கீது. உங்ககிட்ட எதுனா கீதா?" இருந்தது. அந்த ஒன்றுதான். அந்த மிஷினுக்குள் இருந்தது.

மிஷின் எழுந்திருக்கவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் கணவர் இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு, "இது செத்துப்போச்சும்மா. பழைய சாமான்காரன்கிட்ட போட வேண்டியதுதான்" என்றார், அதன் எதிரிலேயே. நான் அவர் கையைப் பிடித்துப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "இங்க வந்து பேசுங்க!" என்றவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மகளைத் தூக்கிக்கொண்டு கடைப்பக்கம் போனார்.

மூடியைக் கழற்றினேன். மகளின் ரப்பரை எடுத்து அந்தப் பல்லைத் தேய்த்தேன். கணவரும் தேய்த்துப் பார்த்ததுதான், ஆனால் பேசாமல் தேய்த்திருந்தார். "அவரு சொன்னத மனசுல வெச்சிக்காத" என்றேன். "அக்கா பூட்டாங்க. உனக்கு யாரும் சொல்லலயா?" சொல்லிவிட்டு, யாரும் இல்லாத வீட்டில் சத்தமாகவே அழுதேன். பட்டனை அமுக்கினேன். இல்லை. மறுபடி தேய்த்தேன். எத்தனையாவது முறையோ, பீப் என்ற சத்தம் கேட்டது.

படத்தில் அக்கா மடியில் என் மகள். குழந்தை கேமராவைப் பார்க்கிறாள். அக்கா பார்க்கவில்லை. அவர் கண் ஓரமாக, சந்தேகத்தோடு, கம்ப்யூட்டர் மேல் இருக்கிறது. குழந்தையை வெட்டிவிட்டு அந்த முகத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டார்கள். "ஏன் ஓரமா பாக்குறாங்க?" என்று காரியத்துக்கு வந்தவர்கள் கேட்டார்கள். குமார் என்னைப் பார்த்தான். அத்தனை நாளில் முதல்முறையாக லேசாகச் சிரித்தான்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மாலையில் ஸ்கூல் வேன் வரத் தாமதமாகும் நாட்களில் அந்தப் பழைய மிஷினைப் போட்டு எதிரே உட்கார்ந்துகொள்கிறேன். "இன்னா திட்டம் போட்டுகினு கீற?" என்று கேட்கிறேன். அது உறுமுகிறது. அதை நன்றாக முறைக்கிறேன். தெருவில் ஹாரன் கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவள்போலப் போய்க் கதவைத் திறக்கிறேன்.