ரிக்கார்டு நோட்டில் ஏறிய அம்மா

எங்கள் குப்பத்திலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண் என் அக்கா. இரண்டாவது பெண் என் அம்மா. மூன்றாவது நான், அப்போது எனக்கு ஒன்பது வயது. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் கழுத்து தானாக நிமிர்ந்துகொள்கிறது. நிமிரட்டும், அதில் என்ன தப்பு!

ராயபுரத்தில் கடலை ஒட்டிய குப்பம். நைனா கட்டுமரத்தில் போய் வருவார். அந்த மீனை அம்மா கூடையில் ஏற்றிக் கல்மண்டபம் வரைக்கும் வீடு வீடாகப் போய் விற்று வருவாள். அக்கா மிஷன் பள்ளிக்கூடத்தில் முதலாவதாகத் தேறி, உபகாரச் சம்பளம் கிடைத்து, டிராம் ஏறிப் பெண்கள் காலேஜுக்குப் போனாள். அதுவரைக்கும் குப்பத்துக்கே பெருமைதான். அவள் படிப்பது மனோதத்துவம் என்று தெரிந்த பிறகு பேச்சு மாறிவிட்டது. ஒரே வாரத்தில் அதற்குக் 'கீழ்ப்பாக்கத்துப் படிப்பு' என்று பெயர் விழுந்தது. கீழ்ப்பாக்கம் என்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்பது எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

"இத்த படிச்சா இன்னா வேல குடுப்பான்?" என்று நைனா கேட்டார்.

அக்கா பொறுமையாக விளக்கினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்கு உதவியாக இருக்கலாம். படிப்பு ஏறாத பிள்ளைகளைச் சோதித்து, ஏன் ஏறவில்லை என்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்லலாம். தொழிற்சாலையில் எந்த ஆள் எந்த மெஷினுக்குப் பொருந்துவான் என்று பார்த்துச் சேர்க்கலாம். பட்டாளத்தில்கூட இப்போதெல்லாம் இப்படித்தான் அதிகாரிகளை எடுக்கிறார்களாம்.

நைனா பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார். "மெசினுக்கு ஆள் சேக்க மேஸ்திரி கீறான். படிப்பு ஏறலன்னா வாத்தியார் கையில பெரம்பு கீது. நடுவுல நீ இன்னாத்துக்கு?"

ஆனாலும் படிக்காதே என்று அவர் சொல்லவில்லை. உபகாரச் சம்பளம் வருகிற வரைக்கும் படிக்கட்டும், அது நின்ற அன்றைக்கு அத்தை மகனுக்குக் கட்டி வைத்துவிடுவேன் என்று மட்டும் சொல்லியிருந்தார். அத்தை மகன் நல்லவன்தான், உழைப்பாளி. அக்காவுக்குத்தான் அவன் வேண்டாம்.

அக்காவின் வகுப்பில் சோதனைகள் செய்து ரிக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். நோட்டில் பேராசிரியையின் கையெழுத்து விழுந்தால்தான் பரீட்சையில் உட்கார விடுவார்கள். அந்தத் தடவை வந்தது ஞாபக சக்தி சோதனை. முப்பது பொருள்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். கேட்டவர் அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சோதனைக்கு ஆள் வேண்டுமே, முதலில் நான்தான் அகப்பட்டேன். எனக்கு ஏழு வந்தது. அதிலும் ஒன்று அக்கா வாசிக்கவே வாசிக்காத பெயர். படித்தவர்களுக்கே பத்துப் பன்னிரண்டுதான் வரும் என்று அக்கா என்னைச் சமாதானப்படுத்தினாள்.

கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கினாள். "என்னியும்தான் கேளேன்டி. நான் இன்னா மட்டமா?"

அக்கா சிரித்துக்கொண்டே வாசித்தாள். அம்மா முப்பதையும் சொன்னாள். தண்ணீரைக் கொட்டிக் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கடைசியிலிருந்து முதல்வரைக்கும் இன்னொரு தடவை சொன்னாள். அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த நாள் புதுப் பட்டியல், அதற்கடுத்த நாள் இன்னொன்று. ஐந்து நாளும் முப்பதுக்கு முப்பது. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவின் பெயர் காலேஜ் நோட்டில் ஏறியது. அதைச் சொல்லிச் சொல்லியே பள்ளிக்கூடத்தில் இரண்டு சிநேகிதிகளை இழந்தேன்.

நோட்டைக் கொண்டுபோன அன்று அக்கா அழுதுகொண்டே திரும்பி வந்தாள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேராசிரியை சொல்லிவிட்டாராம்.

"ஒரு தப்புகூட இல்லியாம் மா. மனுசங்க அப்டி சொல்ல மாட்டாங்களாம். நானே வூட்ல குந்திகினு இஸ்டத்துக்கு எழுதிகினு வந்துட்டேன்றாங்க."

கையெழுத்து இல்லையென்றால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையென்றால் உபகாரச் சம்பளம் இல்லை. அதற்கப்புறம் என்ன என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நைனா வலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"ஒரு தப்புகூட இல்லன்னா சொன்னாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஆமா."

"அதான் நம்பலியா?"

"அதாம்மா!"

அம்மா கொஞ்ச நேரம் அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "வெள்ளிக்கெழம நான் வரேன்னு சொல்லு. என்னிய வெச்சி அவங்க வாயாலயே கேக்கட்டும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் தொற்றிக்கொண்டேன். அம்மா தலைக்குக் குளித்து, கல்யாணப் புடவையைக் கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தாள். டிராமில் அடிக்கொருதரம் அவள் கை தலைக்குப் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்தது. கூடை இல்லாமல் அவ்வளவு தூரம் போய் அவளுக்குப் பழக்கமில்லை.

பேராசிரியை வெள்ளைப் புடவை கட்டிய மெலிந்த அம்மாள். கெட்டவர் அல்ல, எழுந்து நின்று, என் அம்மாவை 'வாங்கம்மா' என்று சொல்லி நாற்காலி போட்டவரை எப்படிக் கெட்டவர் என்பது? அக்காவை வராந்தாவில் நிற்கச் சொன்னார். பட்டியலை அப்போதுதான் எழுதினார். நான் மூலை பெஞ்சில் உட்கார்ந்து, அம்மாவுக்குப் பதிலாக நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

குடை, பூட்டு, சீப்பு, தேங்காய் என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நாற்காலிக்குக் கீழே அவள் பாதங்கள் மட்டும் லேசாக எழும்பி எழும்பித் தரையில் படிந்தன. நான் பார்த்தேன். பேராசிரியையும் வாசிப்பதற்கு நடுவே கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அதைப் பார்த்தார்.

அம்மா சொல்லத் தொடங்கினாள். தடுமாற்றமே இல்லை. இருபதைத் தாண்டினாள். இருபத்து மூன்றாவதில் நின்றாள். நெற்றியைச் சுருக்கினாள். நான் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டேன். ஏணி! ஏணி! ஏழைத் தாண்டாத எனக்கே அது ஞாபகம் இருந்தது.

"இந்த வூட்ல வெச்சது இன்னான்னு தெர்ல மா. அட்த்ததுக்குப் போறேன்" என்று சொல்லி, மீதி ஏழையும் முடித்தாள். கடைசியிலிருந்து முதல்வரைக்கும் சொன்னபோதும் எல்லாம் சரி, ஏணி மட்டும் இல்லை.

"வீடா? எந்த வீடு?" என்றார் பேராசிரியை.

"நான் மீன் குடுக்கற வூடுங்கதான். மொத வூடு கம்பவுண்டர் வூடு, அவங்க வாசல்ல கொடைய வெச்சேன். அடுத்தது பாய் வூடு, அவங்களுக்குப் பூட்டு. அப்டியே தெருவோட போயிகினே இருக்க வேண்டியதுதான்."

"கடைசியிலிருந்து எப்படிச் சொல்ல முடிந்தது?"

அம்மாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "திரும்பி வரசொல்ல அதே தெருதானம்மா?" என்றாள்.

பேராசிரியை எழுந்தார். அலமாரியைத் திறந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, இந்த மாதிரி ஞாபகத்தைப் பற்றி அந்தக் காலத்து மேல்நாட்டுப் பேச்சாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றார். அக்காவை உள்ளே அழைத்தார். "உன்னைச் சந்தேகப்பட்டதற்கு வருத்தப்படுகிறேன். முப்பதுக்கு முப்பது என்றால் யார்தான் நம்புவார்கள்? இன்றைக்கு ஒன்று விட்டாங்க பார், இதுதான் மனுஷ ஞாபகம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எங்கள் அம்மா நடந்த தெருவை வரைபடமாக வரைந்து நோட்டில் ஒட்டச் சொன்னார். அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், டிராம் வரும்வரை விடவில்லை.

எனக்கு மட்டும் ஆற்றாமை தாங்கவில்லை. முப்பதும் சொல்லி அந்த அம்மாளின் வாயைப் பிளக்க வைத்திருக்கலாமே! டிராமில் நான் 'ஏணி, ஏணி' என்று தொணதொணத்தேன். "மற்ந்துட்ச்சி, வுடேன்டி" என்றாள் அம்மா, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

அக்கா தேறினாள். அதற்கு மேலும் படித்தாள். எண்ணூர் சாலையில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். பெரம்பூரிலிருந்தும் எர்ணாவூரிலிருந்தும் வருகிற வாட்டசாட்டமான பையன்கள் அவள் மேஜைக்கு எதிரில் கைகட்டி உட்கார்ந்து, அவள் கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்க, மரக்கட்டைகளைக் குழிகளில் பொருத்திக் காட்டுவார்கள். "மேஸ்திரிக்கே பரீட்ச வெக்கிறவ என் பொண்ணு" என்று நைனா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அத்தை மகன் திருவொற்றியூரில் பெண் எடுத்தான். அவன் கல்யாணத்தில் எங்களைவிட அதிகமாகச் சாப்பிட்டது அக்காதான்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. காலேஜுக்குப் போய்வந்த மறுநாள் சனிக்கிழமை, அம்மாவோடு மீன் விற்கப் போனேன். அன்றைக்கு நடந்ததையும் காலேஜில் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு முழுசாய் இருபது வருஷம் ஆயிற்று.

கம்பவுண்டர் வீட்டு அம்மாள் கூடைக்கு முன்னால் குனிந்து, ஒவ்வொரு சங்கரா மீனாக எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார். அம்மா கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்துத் தனியாக வைத்தாள். "இது உனுக்கு வேணாம்மா, நேத்துது. தெரிஞ்சே உன் தலையில கட்ட மாட்டேன்." அந்த அம்மாள் செவுள் பார்ப்பதை நிறுத்திவிட்டு, மற்றதில் நாலு வாங்கிக்கொண்டார். பாய் வீட்டிலும் அதே மீன் தனியாக வைக்கப்பட்டது. அங்கேயும் மறுபேச்சில்லாமல் வாங்கினார்கள். ரயில்வே கார்டு வீட்டிலும் அப்படித்தான்.

தெரு முழுக்க வேண்டாம் என்று ஒதுக்கிய அந்த மீன் மத்தியானம் எங்கள் வீட்டுக் குழம்பில் கிடந்தது. முள்ளிலிருந்து வெள்ளை வெளேரென்று பிரிந்து வந்தது. கூடையில் இருந்த எல்லா மீனையும் அன்று காலையில்தான் நைனா கரையில் கொட்டியதை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். நேற்று ஏணி மறந்துபோயிற்று. இன்றைக்கு நல்ல மீன் எது, பழைய மீன் எது என்றுகூடத் தெரியவில்லை. அம்மாவுக்கு என்னவோ ஆகிக்கொண்டிருக்கிறது, பாவம், இனிமேல் நான்தான் கூடவே போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்து, என் தட்டில் இருந்த பெரிய துண்டை அவள் தட்டில் எடுத்து வைத்தேன்.