எத்தனை நாளா டாக்டர் தேர்தலில் நின்றது

எதிரில் யார் வந்து உட்கார்ந்தாலும் டாக்டரம்மா கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை நாளா?" என்பதுதான். அதனால் அவருக்கு 'எத்தனை நாளா டாக்டர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அது அவர் காதுக்கும் எட்டியது. சிரித்துக்கொண்டார்.

படிக்கிற காலத்திலேயே அவருக்குப் பிடித்த பாடம் சமுதாய மருத்துவம். கூடப் படித்தவர்கள் கத்தி பிடிக்கப் போனார்கள். இவர் சாக்கடையை எட்டிப் பார்க்கப் போனார். செவ்வாய்க்கிழமைதோறும் கிளினிக்கைப் பூட்டிவிட்டு நர்ஸோடு தெருத்தெருவாகக் கிளம்பிவிடுவார். எந்த வீட்டில் யாருக்கு வயிற்றுப்போக்கு என்று கேட்டு, சுவரில் ஒட்டிய வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைப்பார். நாலு வருடத்தில் மரக்கடைக்குப் பின்னால் இருக்கிற தெரு மட்டும் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

காரணமும் தெரிந்ததுதான். குடிதண்ணீர்க் குழாய் அங்கே நாற்பதடி தூரம் சாக்கடைக்குள்ளேயே ஓடுகிறது, இணைப்பெல்லாம் துரு. டாக்டரம்மா நகராட்சிக்கு ஒன்பது கடிதம் எழுதினார். ஒன்பதும் கிணற்றில் போட்ட கல்.

"கவுன்சிலர் தீர்மானம் கொண்டு வந்தாத்தான் நடக்கும் மேடம்," என்றார் பொறியாளர். கவுன்சிலரோ வருடா வருடம், "அடுத்த வருஷம் பாத்துடலாம்," என்றார்.

அந்தத் தெருப் பையன் ஒருவனை அவன் அம்மா ஏழாவது முறையாகத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஐந்து வயது. கண் குழிந்து, நாக்கு வறண்டு கிடந்தான். ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் டாக்டரம்மா இரண்டு கையிலும் மாறி மாறித் தேடினார். பையன் பிழைத்தான். அன்று வீட்டுக்குப் போனதும் கணவரிடம், "நான் நிக்கப் போறேன்," என்றார்.

"எங்க?"

"தேர்தல்ல."

கணக்கு வாத்தியாரான கணவர் விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். "உனக்குப் பொய் சொல்ல வராதே," என்றார் கவலையோடு.

பொய் மட்டுமா, ஓட்டுக் கேட்கவும் வரவில்லை. முதல் நாள் இருபத்திரண்டு வீடு ஏறி இறங்கினார். கதவைத் திறந்தவர் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாக, "எத்தனை நாளா?" என்றது. ஆறு பேருக்குச் சர்க்கரைக்குப் புத்தி சொல்லி, ஒரு பெரியவர் காதில் அழுக்கெடுத்துவிட்டுத் திரும்பினார். ஒரு வீட்டிலும் ஓட்டு என்ற பேச்சே எழவில்லை. நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

அதைவிடப் பெரிய இடி மறுவாரம் வந்தது.

"மரக்கடைத் தெருவே உங்களுக்கு எதிரா நிக்குது," என்றார் நர்ஸ்.

"ஏங்க்கா? நான் என்ன பண்ணேன்?"

"நல்லா வைத்தியம் பண்ணீங்க. அதான்."

டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. நேரே அந்தப் பையனின் வீட்டுக்குப் போனார். அவன் அம்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்: "ஜெயிச்சா நீங்க அங்க போயிடுவீங்க. இவனுக்கு முடியலன்னா நான் யார்கிட்ட ஓடுவேன்?"

"காலையில கிளினிக்லதாம்மா இருப்பேன். கூட்டமெல்லாம் மதியம்தான்."

"பதவிக்குப் போனவங்க யாரு டாக்டர் திரும்பி வந்திருக்காங்க?"

யாருக்காக நின்றாரோ அவர்களே கையை விரித்தால் மனசு தாங்குமா? வீட்டுக்கு வரும் வழியில் டாக்டரம்மா அழுதார். நர்ஸ் பார்க்காதது போலக் கூடவே நடந்தார்.

ஆனாலும் பதினேழு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். கைகொடுத்தவை மற்ற தெருக்கள்தான். மரக்கடைத் தெருவில் விழுந்தது மொத்தம் பதினொன்று. சொன்னபடி காலையில் நோயாளிகளைப் பார்த்தார். மதியம் நகராட்சிக்குப் போய்க் கரடியாய்க் கத்தினார். மூன்றாவது கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. மழைக்கு முன்னால் புதுக்குழாய், சாக்கடைக்கு எதிர்ப்பக்கமாக, மேட்டில் பதிக்கப்பட்டது.

ஆறு மாதம் கழித்து ஒரு காலையில் அந்த அம்மா பையனோடு வந்து, ஒரு மணி நேரம் வரிசையில் காத்திருந்து உள்ளே வந்தாள்.

"என்னம்மா, எத்தனை நாளா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். சும்மாதான் காட்டிட்டுப் போலாம்னு..." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் உங்களுக்கு ஓட்டுப் போடல."

"உங்க தெருவுல எனக்கு விழுந்ததே பதினொண்ணு. தெரியாமயா இருக்கும்?"

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டாக்டரம்மா பையனைத் தூக்கி எடை பார்க்கும் மிஷினில் நிறுத்தினார். இரண்டரைக் கிலோ ஏறியிருந்தான். கன்னத்தைக் கிள்ளினால் கையில் சதை அகப்பட்டது.

கிளம்பும்போது அந்த அம்மா பழக்கதோஷத்தில், "திரும்ப எப்ப வரணும் டாக்டர்?" என்றாள்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு பதிலை அவர் யாருக்கும் சொன்னதில்லை.

"வர வேண்டாம்மா," என்றார்.